புல் தேடிச் சென்றவர்கள்: 1925ஆம் ஆண்டின் ஒரு மௌனப்படமும் பக்தியாரி மக்களும்

ஈரானியர் அந்தப் படத்தை ‘அலஃப்’ என்றழைக்கின்றனர். அரபியில் இச்சொல் கால்நடைத் தீவனத்தைக் குறிக்கும். பாரசீகத்திற்குப் போன இடத்தில் புல்லையும் குறிக்கலாயிற்று. 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான அந்த மௌனப்படத்தின் மூலப் பெயரும் ‘புல்’ என்பதே. பாரசீகத்தின் தென்மேற்கே, ஜாக்ரோஸ் மலைத்தொடரில் மந்தைகளோடு இடம்பெயர்ந்து வாழ்ந்த பக்தியாரி மக்கள், ஒரு வசந்த காலத்தில் மேய்ச்சல் நாடி ஆற்றையும் பனிமலையையும் கடந்து சென்றதை, கூடவே நடந்து பதிவு செய்த படம் அது. இன்று நாம் ஆவணப்படம் என்று வழங்கும் வகையின் மூத்த படைப்புகளுள் ஒன்று. அது வெளிவந்தபோது அவ்வகைக்கு அப்பெயர்கூட நிலைபெற்றிருக்கவில்லை. 1926ஆம் ஆண்டில் ஜான் கிரியர்சன் என்பார் வேறொரு படத்திற்கு எழுதிய மதிப்புரையில் ஆண்ட பிறகே அச்சொல் இப்பொருளில் பரவலாயிற்று.

நாம் பணியாற்றும் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒருமுறை இப்னு கல்தூனின் ‘முகத்திமா’வில் நாடோடி வாழ்வு பற்றிய பகுதியை நடத்திக்கொண்டிருந்தோம். ஆடு மாடு வளர்ப்போர் பாலைவனத்தினுள் வெகுதூரம் செல்வதில்லை, ஒட்டகம் வளர்ப்போரே ஆழச் செல்வர் என்று அவர் பகுத்துரைக்கும் இடம் அது. கறுப்புக் கூடாரத்தையோ, ஒரு சமூகம் முழுவதும் மந்தையோடு பெயர்ந்து செல்வதையோ கண்டிராத பிள்ளைகளுக்கு அது வெறும் சொல்லாகவே நின்றது. ஆகவே, ஒரு பிற்பகலில் கணினியில் இப்படத்தை ஓட்டிக் காட்டினோம். (படம் பார்ப்பதன் சட்டநிலை குறித்து முதல் அரைமணி நேரம் நடந்த விவாதத்தை இங்கே விரிக்க வேண்டியதில்லை.) படம் முடிந்ததும் ஒரு மாணவர், “ஹஜ்ரத், இவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே போகிறார்களே, என்ன பேசுகிறார்கள்?” என்று கேட்டார். உதடுகள் அசைகின்றன, ஒலியில்லை. இடையிடையே எழுத்தில் சில வரிகள் வருகின்றன. அவை அம்மக்களின் சொற்கள் அல்ல. இக்கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழில் ‘பக்தியாரி’ என்று எழுதும்போது பக்தி என்னும் சொல் நினைவுக்கு வருவது இயல்பு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பாரசீகத்தில் ‘பக்த்’ என்றால் நற்பேறு. ‘யார்’ என்றால் துணை. நற்பேற்றைத் துணையாகக் கொண்டவர் பக்தியார். டெல்லியில் அடங்கியிருக்கும் குத்புத்தீன் பக்தியார் காக்கி (ரஹ்) அவர்களின் பெயரில் நாம் அறிந்த அதே சொல்தான். பக்தியாரிகள் ஷீஆ முஸ்லிம்கள். பாரசீகத்திற்கு நெருங்கிய லூரி மொழியின் ஒரு கிளையைப் பேசுபவர்கள். ‘ஹஃப்த் லங்’, ‘சஹார் லங்’ என இரு பெரும் பிரிவுகள் அவர்களுக்குள் உண்டு.

அவர்களது ஆண்டு இரண்டு நிலங்களுக்கிடையே ஓடுவது. குளிர்காலத்தில் கூஸிஸ்தான் சமவெளியை ஒட்டிய வெப்பநிலம். அதனைக் ‘கர்ம்சீர்’ என்பர். கோடையில் மலைத்தொடரின் கிழக்குப் புறத்திலுள்ள குளிர்நிலம், அது ‘சர்த்சீர்’. வெயில் ஏறும்போது சமவெளியில் புல் கருகிவிடும். அதே வேளையில், மலைக்கு அப்பால் பனி உருகிப் புல் தளிர்க்கும். இரண்டுக்கும் நடுவே காரூன் ஆறும், 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஸர்த் கூஹ் மலையும் குறுக்கிடுகின்றன. ‘மஞ்சள் மலை’ என்பது அதன் பெயரின் பொருள். காரூன் பிறப்பதும் அம்மலைப் பகுதியில்தான்; இஸ்ஃபஹான் நகரை வளப்படுத்தும் ஸாயந்தே ரூத் பிறப்பதும் அங்கேதான். குளிர்காலத்திலும் கோடையிலும் பயணம் செய்யப் பழகிய ஒரு குலத்தாரைத் திருக்குர்ஆனின் குறைஷ் அத்தியாயம் பேசுகிறது. அவர்கள் வணிகத்திற்குப் போனார்கள். இவர்கள் புல்லுக்குப் போனார்கள். அந்நஹ்ல் அத்தியாயம், பயண நாளிலும் தங்கும் நாளிலும் இலகுவாயிருக்கும் தோல் வீடுகளையும், கம்பளியும் உரோமமும் தரும் பயன்களையும் இறையருளாக எடுத்துரைக்கிறதே, அவ்வசனத்திற்கு விரிவுரை எழுதியவர்கள் கண்முன் கொண்டிருக்கக்கூடிய வாழ்க்கை இது.

இனிப் படம் எடுத்தவர்கள். மெரியன் கூப்பர் விமானியாக இருந்தவர். போலந்துப் படையில் சேர்ந்து சோவியத் படையினரிடம் சிறைப்பட்டவர். எர்னஸ்ட் ஷோட்சாக் முதல் உலகப்போரின் களத்தில் படம்பிடித்தவர். மூன்றாமவர் மார்கரெட் ஹாரிசன் என்னும் பெண்மணி. பத்திரிகையாளர், அமெரிக்க உளவுப்பணியில் ஈடுபட்டு மாஸ்கோவில் சிறையிருந்தவர். இம்மூவரின் முன்வரலாற்றைப் பார்க்கும்போது, ஒரு மேய்ச்சல் சமூகத்தை அறிய இவர்கள் வந்தார்கள் என்பதைவிட, ஆபத்து எங்கே கிடைக்கும் என்று தேடி வந்தார்கள் என்பதே பொருந்தும். முதலில் குர்திய மக்களைப் படம்பிடிக்கவே எண்ணினர். அது கைகூடவில்லை. துருக்கியின் வழியாக வந்து, பக்தாதில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளிடம் வழிகேட்டுப் பாரசீகத்தினுள் நுழைந்தனர். 1924ஆம் ஆண்டின் வசந்தத்தில், பக்தியாரிகளுள் பாபா அஹ்மதி என்னும் பிரிவின் தலைவர் ஹைதர் கானோடும் அவருடைய சிறுவயது மகன் லுஃப்தாவோடும் மலைவழியில் இறங்கினர்.

படத்தின் முற்பகுதி நம்மை அவ்வளவாகக் கவரவில்லை. துருக்கியின் சத்திரம், கரடி ஆட்டம், பாலைவனம், இவற்றுக்கிடையே வெள்ளைக்காரப் பெண்மணியின் வருகை என்று பயணப்படங்களுக்கே உரிய அலங்காரம் அது. சில காட்சிகள் கேமராவுக்காக நடத்தப்பட்டவை என்பதும் வெளிப்படை. மக்கள் கூடாரங்களைச் சுருட்டி மாட்டின் முதுகில் ஏற்றத் தொடங்கும் இடத்தில்தான் படம் உயிர்பெறுகிறது. அதன்பின் நடிப்பு இல்லை. நடிக்கச் சொல்லவும் இயலாது. படம் சொல்லும் கணக்கின்படி ஐம்பதாயிரம் மக்கள், ஐந்து இலட்சம் கால்நடைகள். இத்தொகையை நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் மலைச்சரிவு முழுவதும் ஊர்ந்து வரும் மந்தைகளைக் காணும்போது அதனோடு வாதிடவும் தோன்றுவதில்லை.

காரூனைக் கடக்கும் காட்சி, நாம் பார்த்த எந்த ஆற்றுக்காட்சிக்கும் குறைந்ததன்று. பாலம் இல்லை, படகும் இல்லை. ஆட்டுத்தோலை முழுதாக உரித்து, வாயால் ஊதிக் காற்றடைத்து, அப்பைகள் பலவற்றைக் கழிகளோடு பிணைத்துத் தெப்பம் கட்டுகிறார்கள். ‘கலக்’ என்று அதற்குப் பெயர். பெண்களும் குழந்தைகளும் ஆடுகளும் மூட்டைகளும் அத்தெப்பத்தில் ஏறுகின்றனர். குதிரைகளும் மாடுகளும் நீந்தியே தீரவேண்டும். ஆடவர் சிலர், ஊதிய தோல்பை ஒன்றை மார்புக்குக் கீழே அணைத்துக்கொண்டு உருகிய பனியின் குளிர்நீரில் பாய்ந்து, மிரளும் விலங்குகளை மறுகரைக்குத் திருப்புகின்றனர். நேர்கோட்டில் எவரும் கரையேறுவதில்லை. நீரோட்டம் இழுத்துச் செல்லும் தூரத்தைக் கணக்கிட்டு மேலேயே இறங்கி, கீழே எங்கோ கரை சேர்கின்றனர். சில விலங்குகள் சேர்வதில்லை. ஒரு நாள் அல்ல, பல நாள் இது நடக்கிறது. யார் முதலில் இறங்குவது, எந்தத் தெப்பம் எப்போது திரும்புவது என்பதற்கெல்லாம் கட்டளையிடும் அதிகாரி ஒருவரும் திரையில் தென்படவில்லை; எனினும் குழப்பம் இல்லை. இப்னு கல்தூன் ‘அஸபிய்யா’ என்று பெயரிட்ட அந்தக் குலப்பிணைப்பை விளக்க நாம் வகுப்பில் செலவழித்த மணிநேரங்களை எண்ணிக்கொண்டோம்.

அடுத்தது மலை. ஸர்த் கூஹின் சரிவு முழுவதும் பனி மூடிக் கிடக்கிறது. பனியில் நனைந்தால் உதவாத துணிக்காலணிகளைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஆடவர் முன்னே சென்று பனியை வெட்டி வழி செய்கின்றனர். அவ்வழியில் மனிதரும் மந்தையும் வளைந்து வளைந்து ஏறுகின்றனர். தொலைவிலிருந்து எடுத்த ஒரு காட்சியில், வெண்மையான மலைமேல் யாரோ மையினால் இழுத்த கோடு போல அவ்வரிசை தெரிகிறது. சற்று உற்றுப் பார்த்தால் கோடு அசைகிறது. அருகில் வரும்போது, முதுகில் தொட்டிலைக் கட்டிய தாய்மார், தோளில் கன்றையோ ஆட்டுக்குட்டியையோ சுமப்பவர், சறுக்கும் கழுதையை வாலைப் பிடித்துத் தாங்குபவர் என்று அக்கோடு மனிதராகிறது. பாரம் தூக்கும்போது ‘யா அலீ’ என்று கூவுவது ஈரானியர் வழக்கம். அம்மலையில் எத்தனை ஆயிரம் முறை அக்குரல் எழுந்திருக்கும்! மௌனப்படத்தில் நமக்குக் கிடைப்பது திறந்த வாய்கள் மட்டுமே.

உச்சியைக் கடந்து இறங்கினால் புல்வெளி. 48 நாள் பயணத்தின் முடிவு அதுதான். படமும் அங்கே முடிகிறது.

இதற்குச் சற்று முன், 1922ஆம் ஆண்டில் வெளியான ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் ‘நானூக்’ புகழ்பெற்றது. அதில் பனிவீட்டின் உள்ளே வெளிச்சம் போதாமையால் பாதி வெட்டிய வீடு ஒன்றைக் கட்டி அதனுள் குடும்பத்தை உறங்கவைத்துப் படம்பிடித்தார்கள். ‘புல்’ அப்படிப்பட்டதன்று. ஆறும் பனியும் இயக்குநரின் சொல்லுக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே கண்ணின் சாட்சியம் என்ற அளவில் இப்படத்தின் மதிப்பு மிகப் பெரிது. 1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதனைச் சேர்த்தது தகும்.

கண் கண்டதும் வாய் சொன்னதும் இப்படத்தில் வேறு வேறு என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. எழுத்துரைகள் அமெரிக்காவில், படத்தை விற்கும் நோக்கோடு சேர்க்கப்பட்டவை. அவை அடிக்கடி நகைச்சுவை செய்யப் பார்க்கின்றன; தெப்பத்தில் உயிரைக் கையில் பிடித்திருப்பவரின் காட்சிக்கு நடுவே விளையாட்டுப் பேச்சு வருகிறது. அதைவிடப் பெரிய பிழை, இம்மக்களை ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்று அறிமுகப்படுத்துவது. ஆரியர்கள் பழங்காலத்தில் மேற்கு நோக்கிப் பெயர்ந்தனராம். அவர்களுள் பின்தங்கி, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மாற்றமின்றி வாழ்பவரைத் தேடியே இப்பயணமாம். வரலாற்றுக்கு வெளியே நிற்கும் மனிதர்கள் என்பது இதன் கருத்து. யாரால் மறக்கப்பட்டவர்கள் என்று கேட்கவேண்டாமா?

படக்குழுவினர் மலையேறுமுன் தங்கிய ஷூஷ்தர் நகரம் அரபு நூல்களில் ‘துஸ்தர்’ எனப்படும். திருக்குர்ஆனுக்கு ஞானநெறி விளக்கம் தந்த ஸஹ்ல் அத்துஸ்தரீ (ரஹ்) அவ்வூரினர். ஹிஜ்ரி 727இல், அதாவது 1327இல், இப்னு பதூதா அதே துஸ்தரிலிருந்து புறப்பட்டு மலைநாட்டின் தலைநகரான ஈதஜுக்குச் சென்றார். இன்று அவ்வூர் ஈஸே எனப்படுகிறது. பக்தியாரி நிலத்தின் நடுவே இருக்கிறது. அதனை அன்று ஆண்டவர் அதாபக் அஃப்ராசியாப். அவருடைய தந்தை அதாபக் அஹ்மத் தம் நாட்டில் 460 தங்குமடங்களைக் கட்டியவர் என்றும், அவற்றுள் 44 ஈதஜிலேயே இருந்தன என்றும் பயணநூல் கூறுகிறது. வரிவருவாயில் மூன்றில் ஒரு பங்கு அம்மடங்களுக்கும் மத்ரஸாக்களுக்கும் போயிற்றாம். மகனோ மதுவில் மூழ்கியிருந்தார். அவர் முன்னே இருந்த இரு கிண்ணங்களைச் சுட்டிக்காட்டி, இறையச்சமுடைய தந்தையின் மகனான தங்களிடம் குறைசொல்ல இது ஒன்றே இருக்கிறது என்ற பொருள்பட இப்னு பதூதா எடுத்துரைத்தார், அரசர் நாணிப்போனார். பின்னர் அம்மலைகளின் ஊடே பத்து நாள் நடந்து இஸ்ஃபஹான் திசையில் சென்றபோது, ஒவ்வோர் இரவும் தங்க ஒரு மத்ரஸாவும் உணவும் கிடைத்தன. பொதி சுமந்த விலங்குகள் ஏறிச்செல்லப் பாறையை வெட்டிச் சமைத்த பாதைகளும் இருந்தன. இவ்வளவும் நடந்து ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் கழித்து வந்தவர்கள் இதனை எவரும் அறியாத நிலம் என்றார்கள். தாங்களே ஸர்த் கூஹ் கணவாயைக் கடந்த முதல் அந்நியர்கள் என்று ஒரு சான்றிதழும் பெற்று, அதனைப் படத்தின் இறுதியில் காட்டினார்கள். இப்னு பதூதா கடந்தது அதே கணவாய் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. அது மனிதர் பேசிப் பழகிய நிலம் என்பதே நம் வாதம்.

பழங்கதை போகட்டும். படம் எடுத்த காலத்திற்கு வருவோம். 1905ஆம் ஆண்டில், பாரசீக எண்ணெய்ச் சலுகையைப் பெற்றிருந்த ஆங்கிலேயர் தரப்பு பக்தியாரிக் கான்களோடு ஒப்பந்தம் செய்து, துளையிடும் இடங்களைக் காவல் காக்க ஆண்டுத் தொகையும், எண்ணெய் நிறுவனப் பங்குகளில் நூற்றுக்கு மூன்றும் தருவதாக ஏற்றது. 1908ஆம் ஆண்டு மே மாதம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அது பக்தியாரிகளின் குளிர்கால மேய்ச்சல் நிலம். அடுத்த ஆண்டே, அரசியல் சட்டத்தை முடக்கிய முஹம்மத் அலீ ஷாவுக்கு எதிராக சர்தார் அஸ்அத் பக்தியாரியின் தலைமையில் இம்மலைக் குதிரைவீரர்கள் தெற்கிலிருந்து அணிவகுத்தனர். வடக்கிலிருந்து கீலான் படையினர் வந்தனர். 1909ஆம் ஆண்டு ஜூலையில் டெஹ்ரான் வீழ்ந்தது, ஷா பதவி இழந்தார். சர்தார் அஸ்அத் போர்வீரர் மட்டுமல்லர். தம் மக்களின் வரலாற்றைத் ‘தாரீக்கே பக்தியாரி’ என்னும் நூலாகத் தொகுப்பித்தவர். அவருடைய சகோதரர் ஸம்ஸாமுஸ் ஸல்தனா நாட்டின் தலைமை அமைச்சரானார். சகோதரி பீபீ மர்யம், அப்போராட்டத்தில் பங்கேற்றதோடு நினைவுக் குறிப்புகளையும் எழுதிவைத்தார். படத்தில் தொட்டில் சுமந்து மலையேறும் பெண்களுள் பெரும்பாலோருக்குப் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. அதே குலத்தின் ஒரு பெண், தன் வாழ்வைத் தன் சொல்லாலேயே எழுதி முடித்திருந்த காலம் அது.

பெரிய கான்களின் செல்வமும் அரசியலும் வேறு, ஹைதர் கானோடு பனியில் நடந்த எளிய மேய்ப்பரின் வாழ்வு வேறு என்று ஒருவர் மறுக்கலாம். அதில் உண்மை உண்டு. எண்ணெய்ப் பணம் கறுப்புக் கூடாரங்களை எட்டியது சொற்பமே. ஆனால், அந்த ஏற்றத்தாழ்வேகூட வரலாற்றின் விளைவுதானே? அதனைப் படம் தொடவில்லை. எண்ணெய்க்குழாய் கண்ணில் படாத வழியாகக் கேமரா போயிற்று என்றே சொல்லத் தோன்றுகிறது.

அச்சான்றிதழைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. அதில் பக்தியாரித் தலைவர்களின் ஒப்பத்தோடு, டெஹ்ரானில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் ராபர்ட் இம்ப்ரியின் ஒப்பமும் உள்ளது. சில வாரங்களுக்குள், 1924ஆம் ஆண்டு ஜூலை 18 அன்று, அவர் டெஹ்ரானில் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். கர்பலாவின் தாகத்தை நினைந்து அமைக்கும் ‘சக்காகானா’ என்னும் தண்ணீர்த்துறை ஒன்றில் அற்புதம் நிகழ்ந்ததாகக் கூட்டம் கூடியிருந்தது. அதனைப் படமெடுக்க அவர் கேமராவோடு சென்றார். தண்ணீரில் நஞ்சிட்டவர் என்ற வதந்தி பரவியது. அடிபட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோன பின்னும் விடாமல் துரத்திக் கொன்றனர். விருந்தினராக நாட்டில் இருந்த ஒருவரைக் கொன்ற அச்செயலுக்கு மார்க்கத்தில் எவ்வித நியாயமும் இல்லை. அதனை மழுப்பிப் பேசுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. ரிஸா கான் அதனையே காரணமாக்கி இராணுவச் சட்டத்தை அறிவித்துத் தம் பிடியை இறுக்கிக்கொண்டார். மலையில் ஹைதர் கானின் மக்கள் கேமராவைத் தம்மோடு நடக்கவிட்டார்கள், உணவளித்தார்கள், ஆற்றைக் கடத்திவிட்டார்கள். ‘நாகரிகமற்றவர்’ என்று எழுத்துரை கருதிய மலைவாசியிடம் அந்நியர் பெற்ற அடைக்கலம் தலைநகரில் கிடைக்கவில்லை.

அந்த ரிஸா கான் 1925ஆம் ஆண்டின் இறுதியில் ஷா ஆனார். நாடோடிகளை ஓரிடத்தில் குடியமர்த்துவதே முன்னேற்றம் என்பது அவர் கொள்கை. 1930களில் இடப்பெயர்வுக்குப் படைபலத்தால் தடைவிதிக்கப்பட்டது. புல் இருக்கும் நிலத்திற்குப் போகமுடியாத மந்தைகள் மடிந்தன. 1934ஆம் ஆண்டில் பக்தியாரிக் கான்கள் சிலர் தூக்கிலிடப்பட்டனர். போர் அமைச்சராகவே இருந்த மூன்றாம் சர்தார் அஸ்அத் சிறையில் இறந்தார். ‘மறக்கப்பட்ட மக்களை’ அரசு எவ்வளவு நன்றாக நினைவில் வைத்திருந்தது என்பதற்கு இதுவே போதும். 1941ஆம் ஆண்டில் ஷா அகற்றப்பட்டதும் பலர் மீண்டும் கூடாரங்களோடு மலையேறினர். 1963ஆம் ஆண்டில் மகன் ஷாவின் சீர்திருத்தம் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் நாட்டுடைமை ஆக்கியது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் நபிமொழியை நம் மாணவர்கள் அறிவார்கள். பொதுவுடைமை என்பது ஒன்று, அரசின் அனுமதிச்சீட்டு என்பது வேறொன்று. குலங்கள் தமக்குள் வகுத்து ஆண்டுவந்த மேய்ச்சல் முறை அச்சட்டத்தின் பின் தளர்ந்துபோயிற்று. 1970களிலிருந்து காரூனின் குறுக்கே பேரணைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இன்று எஞ்சிய இடம்பெயர்வோருள் பலரும் மந்தையை லாரியில் ஏற்றிச் சாலைவழியே மலையைக் கடக்கின்றனர்.

‘புல்’ காட்டிய அதே பயணத்தை 1976ஆம் ஆண்டில் அந்தோணி ஹோவார்த் ‘காற்றின் மக்கள்’ என்னும் படமாக மீண்டும் எடுத்தார். இம்முறை வண்ணமும் ஒலியும் இருந்தன. தலைவர் ஜாஃபர் குலீ தம் கதையைத் தாமே சொல்வதாக அமைந்த படம் அது. ஆயினும் நாம் கேட்கும் ஆங்கிலக் குரல் ஜேம்ஸ் மேஸன் என்னும் நடிகருடையது. அதற்கு மூன்றாண்டு முன்னர், பிபிசியின் புகழ்பெற்ற அறிவியல் தொடரொன்றில் ஜேக்கப் பிரோனோவ்ஸ்கி இதே பக்தியாரிகளைக் காட்டி, நாடோடி வாழ்வில் புதிதாக எதுவும் உருவாக இடமில்லை என்று விளக்கினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதே எழுத்துரைதான். கூப்பரும் ஷோட்சாக்கும் அதற்குள் வேறு வழியில் போய்விட்டிருந்தனர். 1933ஆம் ஆண்டில் அவர்கள் உருவாக்கிய ‘கிங் காங்’ உலகம் அறிந்தது. அறியாத தீவுக்குக் கேமராவோடு கப்பலேறும் ஒரு படக்காரர்தான் அதன் கதையில் முதன்மைப் பாத்திரம்.

நம் மாணவர்கள் மறுவாரம் ஆற்றைக் கடக்கும் பகுதியை மட்டும் மீண்டும் காட்டும்படி கேட்டனர். கேள்வி கேட்ட அதே மாணவர் ஓர் அட்டைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கணினியின் அருகே நின்றார். எழுத்து தோன்றும்போதெல்லாம் திரையை மறைத்தார். ஆறு வரும்போது அட்டையை எடுத்தார். தெப்பம் ஒன்று சுழன்று மறுகரையை நெருங்கியது. அதிலிருந்த முதியவர் ஒருவர் கரையைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று வகுப்பு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது.